ரூபியின் தலைமயிரைச் சுருக்கியவனுக்கு

மச்சான்,

இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பதை முதலிலேயே பகிரங்கமாக அறிவித்துக்கொள்கிறேன். கிழக்கு லண்டனிலுள்ள சகல லோண்டரிகள் மீதும், அவற்றுக்குள் சுழன்றுகொண்டிருக்கும் சகல காற்சட்டைகள் மீதும் ஆணை. நீ இருந்திருந்தால் இந்த இடத்திலேயே கையைத் தூக்கி மறித்து, "எத்தினை வீதம் உண்மை எண்டதை முதல் சொல்லு, பிறகு கதையைச் சொல்லு" என்றிருப்பாய். மறிக்க ஆளில்லை. ஆகவே தொடர்கிறேன்.

நேற்று உன் மனைவி வரச் சொல்லியிருந்தாள். உன் உடுப்புகளைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். உன் குளிர்கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டேன், கழற்றினேன். அளவா இல்லையா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. அலுமாரியின் அடித்தட்டில் உன் கலியாணப் பட்டுச் சால்வை கிடந்தது. அதற்குள் சுற்றியபடி ஒரு றோஸ் நிறச் சீப்பு.

"இதென்ன அண்ணை, வாய் பிளந்த சீப்பு? ஒரு பல்லுக்கும் மற்றப் பல்லுக்கும் நடுவாலை பஸ் போகும் போலை கிடக்கு. இவருக்கு உச்சியிலை இருந்த நாலு மயிருக்கு இதோ?"

சால்வையை மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காயெண்ணெய் மணந்தது, இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

"அது குதிரைக்கு வாரிற சீப்பு, பிள்ளை. ராணியின்ரை குதிரையளுக்குச் சனிக்கிழமையிலை இவன்தான் தலை வாரி விடுறவன்."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. யந்திரத்தில் காசு போட்டால் டிக்கெட் விழுவதுபோல வாய் தானாகச் சொல்லிற்று, அவ்வளவுதான். சீப்பையும் சால்வையையும் எனக்குத் தந்துவிட்டாள்.

எண்பதுகளில், கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட் வீட்டின் கீழறையில் நீயும் நானும் இருந்தோமே, அந்தக் காலத்துச் சீப்பு அது. நான் பெற்றோல் ஸ்டேஷனில், நீ லோண்டரியில். நாட்டைவிட்டு ஓடிவந்த இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ஹீட்டர், ஒரு கறிச்சட்டி. நான் தனியன். நீ மனைவியையும் கைக்குழந்தையையும் யாழ்ப்பாணத்தில் விட்டு வந்தவன். மேல்மாடியில் டெனிஸ் இருந்தாள், அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண். விமானப்படைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கு வந்தவள். அவன் வேறு திசையில் பறந்துவிட, ஒரு கந்தோரில் டைப் அடித்து மகளை வளர்த்தாள். மகள் ரூபிக்கு இரண்டு வயது. நீ வைத்த பெயர் ரூபிக்குஞ்சு.

அந்தப் பிள்ளையின் தலைமயிரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. ஞாயிறுதோறும் டெனிஸ் படிக்கட்டில் உட்கார்ந்து, ரூபியை முழங்கால்களுக்கிடையில் இருத்தி, வகிடு பிரித்துப் பிரித்துப் பின்னுவாள். பூசை நேரத்தில் மூலஸ்தானத்தைக் கடக்க முடியாததுபோல, அந்த நேரம் படியால் ஏறவும் இயலாது, இறங்கவும் இயலாது. அரசாங்கமே வந்தாலும் கீழே நின்று காத்திருக்க வேண்டியதுதான். நீ தேத்தண்ணிக் கோப்பையோடு கதவு நிலையில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். நான் ஏதாவது பகிடி விட்டால் காதில் விழாது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை டெனிஸ் வயிற்றைப் பிடித்தபடி படியிலேயே இருந்துவிட்டாள். குடல்வால். அம்புலன்ஸ் வந்தது. ரூபியை உன் கையில் தந்துவிட்டு, உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவளுடைய அமெரிக்க ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. வாகனம் போனபிறகு நீதான் மொழிபெயர்த்தாய்.

"ஞாயிற்றுக்கிழமை அவளின்ரை தமக்கை அமெரிக்காவிலையிருந்து வாறாவாம். லண்டனிலை தனிச்சு நிண்டு கஷ்டப்படாமல் பிள்ளையை என்னட்டைத் தா எண்டு ஒரு வருசமா ஆக்கினையாம். வந்தவுடனை பிள்ளையின்ரை முகத்தைப் பாக்க மாட்டாவாம், தலையைத்தான் பாப்பாவாம். தலை பராமரிப்பில்லாமல் கிடந்தால், இவளாலை பிள்ளை வளக்க ஏலாதெண்டு முடிவு கட்டித் தூக்கிக்கொண்டு போயிடுவாவாம்."

"அப்ப தலையைத் தொடாமல் விட்டால் சரிதானேடா?"

"ஓம். தொடவே கூடாது."

மறுநாள் மத்தியானம் ரூபிக்குஞ்சு தன் சோற்றுக் கோப்பையைத் தூக்கித் தலையில் கவிழ்த்து, தனக்குத் தானே முடிசூட்டிக்கொண்டாள். பருப்பு, நெய், பிசைந்த சோறு, எல்லாம் பின்னல்களுக்குள் குடிபுகுந்தன. நான் ஈரத்துணியால் துடைப்போம் என்றேன். நீ கலண்டரைப் பார்த்தாய்.

"இண்டைக்குச் சனி. சனிக்கிழமை எண்டால் முழுக்கு."

லண்டன்காரரின் சளி, வாதம், அரசியல் எல்லாவற்றுக்கும் சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகாததே காரணம் என்பது உன் சித்தாந்தம். டெனிஸ் பின்னியிருந்த பின்னல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாய். தலைமயிர் தோள்வரை வந்தது. நல்லெண்ணெய் வைத்தாய். குசினித் தொட்டியில் இருத்தி, குளிருமே என்று நல்ல சூட்டில் தண்ணீர் வார்த்தாய். துவாயால் துடைத்தாய், உன் லோண்டரித் துடைப்பு. பிறகு என் சட்டைப்பைச் சீப்பை வாங்கினாய். அது முதற் சிக்கிலேயே நாலு பல்லை இழந்து சரணடைந்தது. ரூபி போட்ட சத்தத்தில் ஹீத்ரோவில் இறங்க வந்த விமானங்கள் மன்செஸ்டருக்குத் திரும்பின.

அதன்பிறகுதான் அது நடந்தது. ஈரம் காயக் காய, தோளில் கிடந்த தலைமயிர் கழுத்துக்கு ஏறிற்று. கழுத்திலிருந்து காதுக்கு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே.

"மச்சான்," என்றாய். "சுருக்கிப்போட்டன்."

உலகத்தில் வேறொருவனும் அப்படி நினைத்திருக்க மாட்டான். ஆனால் அந்தக் கிழமைதான் நீ ஒரு சீமாட்டியின் கம்பளிக் கோட்டைச் சுடுதண்ணீர் மெஷினில் போட்டிருந்தாய். அவள் அதைத் தன் நாய்க்குப் போட்டுப் பொத்தானும் பூட்டிக்கொண்டு போனாள். இன்னுமொன்று சுருங்கினால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தான்.

"சுடுதண்ணி! நான் ஏன்ரா சுடுதண்ணியிலை வார்த்தன்!"

"கம்பளி எண்டால் என்ன செய்வாய்?"

"ஈரமா இருக்கேக்கை இழுத்துக் கொடியிலை கொழுவி விடுவன். கொஞ்சம் மீளும்."

"அப்ப பிள்ளையைக் கொடியிலை கொழுவுவமோ?"

"விசரா, பகிடி விடாதை. நாளைக்கு அந்த மனுசி வரப்போகுது. பிள்ளையைக் கொண்டு போகப்போகுது. என்னாலை."

நீ அழுகிற நிலைக்கு வந்துவிட்டாய். ரூபி அழுகையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளையின் தலையில் உன் கம்பளித் தொப்பி மூக்குவரை. டெனிஸின் கட்டிலருகே நின்று நீ குற்றத்தை ஒப்புக்கொண்டாய்: தண்ணீரின் சூடு, கோட்டு, நாய், எல்லாம். அவள் தொப்பியைக் கழற்றினாள். முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் பிரியப்போகிறது என்று கத்திக் கத்திச் சிரித்தாள். ஒரு சுருளை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தாள். அது காதிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து தோளுக்கு வந்தது. விட்டாள். துள்ளித் திரும்பிப் போயிற்று.

நீ என் பக்கம் திரும்பினாய். "சுருங்கினதுதானாம் மச்சான். குறையேல்லையாம். இந்தத் தலைமயிர் நனைஞ்சு காய்ஞ்சால் அப்பிடித்தானாம்."

நீயும் ஒரு சுருளை இழுத்தாய். "இருக்கோ?" என்றாய் பிள்ளையிடம். விட்டாய், மறுபடி இழுத்தாய். "இருக்கோ?" நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ ரூபி கத்தினாள்: "இருக்கு!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

டெனிஸ் படுத்தபடியே பாடம் எடுத்தாள். காய்ந்த தலையில் சீப்பு வைக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து, தேங்காயெண்ணெய் பூசி, முதலில் விரலால் சிக்கெடுக்க வேண்டும். பிறகு மேலறை மேசை லாச்சியிலிருக்கும் றோஸ் சீப்பு. நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே. படுக்கும்போது தலையணைக்குப் பட்டு போட வேண்டும், பருத்தித்துணி எண்ணெயைக் குடித்து மயிரை முறித்துவிடும்.

பட்டுக்கு நாங்கள் எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். நீ வீட்டுக்கு வந்ததும் சூட்கேசைத் திறந்து அந்தச் சால்வையை எடுத்தாய். கலியாணத்தன்று தோளில் போட்டது. கோயிலுக்குக்கூடப் போட்டதில்லை, மனுசி வந்தபிறகு போடுவன் என்பாய். அதைத் தலையணையில் இரண்டு சுற்றுச் சுற்றினாய்.

அன்று மாலை நீ பின்னினாய். நான் எண்ணெய்க் கிண்ணம் பிடித்தேன். லோண்டரி மூட்டைகளைத் தூக்கி எறிகிற அந்தக் கை, பிள்ளை நோவென்று முகம் சுளிக்குமுன்பே நின்றுவிடும்.

"நான் ஊரிலையிருந்து வெளிக்கிடேக்கை என்ரை பிள்ளைக்குப் பின்னுற அளவுக்கு மயிர் இல்லை," என்றாய், நிமிராமல்.

நான் எண்ணெய்க் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் உன் பக்கம் நீட்டினேன்.

கடைசிப் பின்னல் முடியுமுன் ரூபி உன் தொடையில் சரிந்து நித்திரையாகிவிட்டாள். எழும்படா என்றேன். "சும்மா இரு, முழிச்சிடும். கால் மரத்துப்போச்சு, ஒண்டும் தெரியேல்லை," என்றாய். வெகுநேரம் அப்படியே இருந்தாய். பிறகு பிள்ளையைப் பட்டில் கிடத்திவிட்டு எழும்பினவன், கால் முழுக்க ஊசி குத்துகிறது என்று சத்தம் போடாமல் அறையெல்லாம் ஒற்றைக்காலில் துள்ளினாய்.

நீ போன நாளிலிருந்து எனக்கு அந்தக் கால் மாதிரித்தான் இருக்கிறது, உடம்பு முழுக்க. வலி என்று சொல்வதற்கில்லை. வேலைக்குப் போகிறேன், சில்லறை கொடுக்கிறேன், தேத்தண்ணி குடிக்கிறேன், சீனி போட்டேனா என்று தெரிவதில்லை. ஊசி குத்தும் என்று காத்திருக்கிறேன். இன்னும் குத்தவில்லை.

ஞாயிறு பெரியம்மா வந்திறங்கினா. தொப்பி ஒரு ரவுண்டபவுட் அளவு, அதைச் சுற்றி வாகனங்கள் இடப்பக்கமாகத்தான் போகவேண்டும். எங்களுக்கு வணக்கமும் இல்லை, ஹலோவும் இல்லை. ரூபியின் தாடையைப் பிடித்துத் தலையைத் திருப்பினா. வகிடுகளைப் பார்த்தா. யாழ்ப்பாணத்துச் சந்து ஒழுங்கைகள்கூட அவ்வளவு வளைந்து போகாது.

யார் செய்தது என்று கேட்டா. நீ பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினாய்.

"கோணல்," என்றா. ஒரு பின்னலை விரலில் உருட்டிப் பார்த்தா. "வறளவில்லை." படிக்கட்டில் உட்கார்ந்து, பிள்ளையை முழங்கால்களுக்கிடையில் இருத்தி, முன்னெற்றியில் இருந்த ஒன்றை மட்டும் அவிழ்த்துத் திரும்பப் பின்னினா. மற்றவற்றை உன் கோணலிலேயே விட்டா. டெனிஸ் வீடு திரும்பித் தேறும்வரை நின்று சமைத்துப்போட்டா. திரும்பிப் போகும்போது தனியாகத்தான் போனா. டெனிஸிடம் அவ சொன்னதை நீ எனக்கு எத்தனையோ தரம் மொழிபெயர்த்துக் காட்டியிருக்கிறாய்: "இஞ்சை பிள்ளையைப் பாக்க ஆக்கள் இருக்கினம்."

அதற்குப் பிறகு உன் மனைவியின் விசாவை மறுத்து ஒவ்வொரு முறை கடிதம் வந்தபோதும் நீ சொன்னது ஒன்றுதான். "சுருங்கினது மச்சான். குறையேல்லை." எனக்கு அந்த வசனத்தைக் கேட்டால் எரிச்சல் வரும். தொண்ணூறுகள் பிறந்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள். ஹீத்ரோவில் உன் மகள், இரட்டைப் பின்னலோடு, தாயின் பின்னால் ஒளிந்து நின்றாள். உனக்கு அவளைத் தூக்கத் தைரியமில்லை. ஒரு பின்னலின் நுனியைப் பிடித்து, "இருக்கோ?" என்றாய். பிள்ளை உன்னை ஒரு விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நேர்மயிர், துள்ளித் திரும்பிப் போகவில்லை. உன் கையிலேயே கிடந்தது. நீ விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அந்தச் சீப்பை டெனிஸ் உனக்கே தந்துவிட்டாள் என்பதும், வீடு மாறும்வரை அவளுக்கு ஓவர்டைம் உள்ள ஞாயிறுகளில் நீதான் படிக்கட்டில் உட்கார்ந்தாய் என்பதும் உன் மனைவிக்குத் தெரியாது. இனிச் சொல்லுவேன். நம்பமாட்டாள்.

சரி மச்சான், வீதம் கேட்கிறாய். கோட்டுப் போட்ட நாயை நானும் காணவில்லை, நீயும் காணவில்லை. விமானங்கள் தங்கள் பாட்டில் இறங்கின. தொப்பியை நான்தான் பெருப்பித்தேன். எழுத எழுத எது நடந்தது, எது என் வாய் செய்தது என்று எனக்கே பிடிபடவில்லை. ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. அதை நான் செய்திருக்க ஏலாது.

உன்னை எரித்த அன்று தகனசாலை வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தேன், யாருடைய கை என்று தெரியாமல். டெனிஸோடு ஒரு பெண் வந்தாள், என்னைவிட உயரம். தலைமயிரை விரித்து விட்டிருந்தாள். என் முன்னால் வந்து நின்றாள். பிறகு காதோரத்துச் சுருள் ஒன்றைப் பிடித்து, தோள்வரை இழுத்து, விட்டாள். அது துள்ளித் திரும்பிப் போயிற்று.

"இருக்கு, அங்கிள்," என்றாள்.