இவர்கள் சண்டை ஓயக் கூடாது

பிலடெல்ஃபியா

1787 ஜூன் 11, திங்கள்

வெளுப்பு நாள். மிஸஸ் ஃபென்னரின் விடுதியிலிருந்து மட்டும் நாற்பது சட்டைகள். எல்லா மாநிலத்துக்கும் பொதுவாக ஒரு சாசனம் எழுதச் சபை கூடியிருக்கும் பெரிய மனிதர்கள் ஊருக்குக் கேட்கக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு பேசுகிறார்கள். வண்டிச் சத்தம் யோசனையைக் கெடுக்கிறதென்று தெருவில் மண் வேறு கொட்டியிருக்கிறார்கள். அந்த அறையில் வேர்க்கிற வேர்வையெல்லாம் என் தொட்டிக்குத்தான் வருகிறது.

வரட்டும். மூட்டையைச் சுமந்து வந்தவன் என் தம்பி கஜோ! தெற்கே எங்களைப் பிரித்து என்னை இந்த ஊருக்கு விற்றபோது அவனுக்கு ஒன்பது வயது. இப்போது வாசல் நிலையில் தலை இடிக்கிறது. "கெசையா அக்காவா?" என்றான். சோப்புக் கையோடு கட்டிக்கொண்டு அழுதேன். என் பழைய எஜமானி சாகும்போது எழுத்தையும் விடுதலையையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் இன்னும் கர்னல் ட்ரெட்வெல்லின் அடிமைதான். கர்னல் அந்தச் சபையில் ஒருவர்.

ஜூன் 14

இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. வெளியூர் எஜமான் தன் அடிமையை இங்கே ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த அடிமைக்கு விடுதலை. ஓடிப்போனவனுக்கு மட்டும் அது செல்லாது. கஜோ வந்தது மே 13. அப்படியானால் நவம்பர் 13.

அதுவரை இவர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒத்துப்போனாலும் ஊருக்குக் கிளம்புவார்கள், முறித்துக்கொண்டாலும் கிளம்புவார்கள். இப்படி ஒரு ஜெபத்தைக் கர்த்தர் இதுவரை கேட்டிருக்க மாட்டார்.

ஜூலை 2

கஜோ ஓடி வந்தான். "ஈரமா இருந்தாலும் பரவால்ல, எல்லாச் சட்டையும் வேணுமாம் தொரைக்கு. சின்ன மாநிலமும் பெரிய மாநிலமும் முட்டிக்கிட்டு நிக்குது. ஓட்டு சரிபாதியாம். மூட்டை கட்டப் போறாங்க."

சாப்பாட்டு மேசையில் பேசுவதை அவன் கேட்கிறான். வெளியே மூச்சு விடக் கூடாதென்று அவர்களுக்குள் சத்தியமாம். ஆனால் தட்டு எடுக்கிறவனுக்கும் காது இருக்குமென்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆறு சட்டைகளைத் தொட்டிக்குள் அமுக்கினேன். "கறை போகலைன்னு சொல்லுடா."

ஜூலை 3

யாரும் கிளம்பவில்லை. ஈரத்தோடு கொடுத்த சட்டைகளும் காயத் திரும்பி வந்துவிட்டன. கமிட்டி போட்டிருக்கிறார்களாம். கமிட்டி வாழ்க.

ஜூலை 17

ஒரு அவையில் எல்லா மாநிலத்துக்கும் சம இடம், இன்னொன்றில் தலைக்கணக்கு என்று நேற்று ராசியாகிவிட்டார்கள்.

"நம்மளையும் எண்ணிட்டாங்க அக்கா," என்றான் கஜோ. "அடிமை அஞ்சு பேருன்னா கணக்குல மூணாளு. ஓட்டு நமக்கில்ல. தெக்கத்தித் தொரைமாருக்கு அவையில எடம் கூடும், அதுக்குத்தான்."

அஞ்சு சட்டை வெளுத்துவிட்டு மூன்றைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

ஆகஸ்ட் 30

இன்னொரு பேரம் முடிந்திருக்கிறது. வடக்கத்திக் கப்பல்காரர்கள் கேட்டதைத் தெற்கு விட்டுக்கொடுத்தது. இன்னும் இருபது வருடம் கடல் தாண்டி ஆட்களைப் பிடித்து வந்து அடிமைகளாக இறக்கலாமென்று வடக்கு விட்டுக்கொடுத்தது. பெருந்தன்மைதான்! தங்கள் வீட்டுப் பொருளையா கொடுத்தார்கள்?

"நான் இப்பவே ஓடிடறேன் அக்கா. இவங்க ஒண்ணொண்ணா முடிச்சுட்டு வர்றாங்க."

"ஓடினா ஓடிப்போனவன். பொறுத்தா விடுதலை ஆனவன். இன்னும் பத்து வாரம்டா. சட்டை வழக்கம்போலத்தான் வருது. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்?"

மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

செப்டம்பர் 15

எல்லாச் சட்டைகளையும் கேட்டு ஆள் வந்துவிட்டது. கர்னலுக்கு மட்டுமில்லை, விடுதி முழுக்க.

நான்தானே பொறு என்றேன். நானேதானே சொன்னேன்! எவளாவது சட்டையைப் பார்த்து ஆரூடம் சொல்வாளா?

செப்டம்பர் 17

சாசனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கர்னலின் வண்டி வியாழக்கிழமை கிளம்புகிறது.

செப்டம்பர் 19, புதன்

செய்தித்தாளில் சாசனம் முழுவதும் வந்திருக்கிறது, நாலு பக்கமும் அதுவேதான். கஜோ தொட்டியருகே குந்திக்கொண்டான். "படி அக்கா. ஓடினா என்ன ஆகும்னு அதுல போட்டிருக்கா பாரு."

சத்தமாகப் படித்தேன். நான்காம் பிரிவுக்கு வந்தேன். ஒரு மாநிலத்தில் வேலைக்குக் கட்டுப்பட்டவர் இன்னொரு மாநிலத்துக்குத் தப்பி ஓடினால் அங்கே அவருக்கு விடுதலை கிடையாது. உரியவர் கேட்டால் ஒப்படைத்துவிட வேண்டும்.

அப்படியானால் எந்த மாநிலத்துக்கு ஓடுவது? பதின்மூன்றுக்கும் சேர்த்து ஒரே வேலி.

அந்த வரியை வாய் விட்டுப் படிக்கவில்லை. அடுத்ததற்குத் தாவிவிட்டேன்.

"அவ்ளோதானா?"

"அடிமைங்கிற வார்த்தையே இதுல இல்லடா." பொய் இல்லை. உண்மையாகவே அந்த வார்த்தை எங்குமே இல்லை.

"நெசமாவா! அப்ப எண்ணத்தான் தெரிஞ்சுது, ஓடுறவன மறந்துட்டாங்க!" எழுந்து நின்றுவிட்டான். "நாளைக்கு வண்டி கெளம்புறப்ப நான் அதுல இருக்க மாட்டேன்."

படித்திருந்தால் நாளை வண்டியில் ஏறிவிடுவான். அதனால்தான் படிக்கவில்லை. சரியா? தெரியவில்லை. தாளை அடுப்பில் போட்டேன்.

செப்டம்பர் 20

வண்டி போய்விட்டது. மிஸஸ் ஃபென்னர் இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டாள். தெரியாதென்றேன். கஜோ இஸ்திரி அறைப் பரணில் இருக்கிறான்.

அக்டோபர் 8

கர்னல் விளம்பரம் கொடுத்திருக்கிறார். உயரம், இடது காதில் பிளவு, பிடித்துத் தருபவருக்குச் சன்மானம். கஜோவுக்குச் சைமன் என்று பேர் வைத்து, காது மறையத் தொப்பி மாட்டி, கப்பல் பட்டறைக்கு அனுப்பினேன். எழுத்துத் தெரிந்த யாரைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 13

காலையிலிருந்து மணி அடிக்கிறார்கள். சாசனத்தை நம் மாநிலம் ஏற்றுக்கொண்டுவிட்டது. நாற்பத்தாறு பேர் ஆம், இருபத்து மூன்று பேர் இல்லை. அந்த இருபத்து மூன்று பேருக்கும் என் தம்பியைத் தெரியாது.

கஜோ தொண்டை கட்டி வந்தான். "நானும் கூட்டத்துல நின்னு கத்தினேன் அக்கா! ஓடுறவன மறந்துட்டாங்கல்ல, அதுக்காவது ஒரு ஜே போட வேணாமா?"

மிளகு சூப்பை ஊற்றி வைத்தேன்.

"எனக்கும் படிக்கக் கத்துக் குடு," என்றான் குடித்துக்கொண்டே. "பட்டறையில ஒருத்தன்ட்ட சாசனம் வந்த அந்தப் பேப்பர் இருக்கு. மொதல்ல அத நானே படிக்கணும்."

ஆகட்டும் என்றேன். அவனுக்குப் புத்தி கூர்மை. நான் தாவிய வரியை வசந்தத்துக்குள் படித்துவிடுவான்.