ஒரு மில்லிமீட்டர்

13-11-2000, திங்கள்

பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து மாலை ரயிலில் வந்து, பங்காருபேட்டையில் இறங்கி வீடு சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

கை நடுக்கத்துக்காகப் போன மாதம் அவர் மூளைக்குள் வைத்த கம்பியில் இன்றுதான் முதன்முதலாகக் கரண்ட் விட்டார்கள். மகள் தேன்மொழியின் ஆராய்ச்சியே அதில்தான். அந்தக் கம்பியிலிருந்து மின்சாரம் மூளைக்குள் எவ்வளவு தூரம் பரவும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாள். அவள் கொண்டுவந்த படத்தில் மின்சாரம் பரவும் இடம் பட்டாணி அளவுக்குச் சிவப்பாக இருந்தது. "கரண்ட் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் பேச்சு குழறும்மா. கம்ப்யூட்டர்ல இருக்கிறது வெறும் கணக்கு, அப்பா தலை இல்ல," என்றாள். இதற்கு முன் அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் கரண்டைக் கூட்டியதும் இவர் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கம்பியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாலு முனை உண்டு. தேன்மொழி படத்தைக் காட்டி, "ஒரு முனை மேல மாத்திப் பாருங்க சார்," என்றாள். மாற்றினார். வாய் நேரானது. சுரங்கத்தில் ஆள் இறங்கும் கேஜ் கூண்டை ஏற்றி இறக்கிய அவருடைய வலது கை, ஆறு வருடமாக ஆடிக்கொண்டிருந்த கை, மெல்ல அடங்கித் தொடைமேல் சும்மா கிடந்தது.

அவர் அதையே பார்த்தார். "இன்னா தேனு இது, என் கைதானா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனேன். "நீ உக்காரு," என்று அவரே ஒவ்வொன்றாகக் கழற்றினார். என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.