பேத்தை மீன் இல்லை, நாகம்மா

கடைவாசலில் மீன்கூடையை இறக்கியதும் "எக்கா, ஒரு வாய் தண்ணி குடு" என்று அதிகாரமாகக் கேட்கும் என் நாகம்மாவுக்கு,

உன் பூனை தொரை செத்துப்போய்விட்டான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, நேராகவே சொல்லிவிட்டேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை. அவன் செத்த பிறகு நான் பார்த்ததும் கேட்டதும் என்னை இன்னும் ஆட்டிக்கொண்டிருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நம் பட்டுவைப் பெண் பார்க்க எண்ணூரிலிருந்து உன் வீட்டுக்கு வந்தார்கள். பையன் கட்டுமரத்தில் போகிறான், குடி கிடையாது. பட்டு வாய் திறந்து பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் காலையிலிருந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். உன் மகளுக்கு நீ இல்லாத குறை தெரியாமல் பெரியம்மா என்று நான்தான் முன்னால் நின்றேன். உன் வீட்டுக்காரர் வழக்கம்போல மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றார்.

பட்டு நெத்திலி வறுத்து வைத்தாள். வந்தவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார்கள். பையனின் அம்மா, "பொண்ணுக்குக் கை ருசி கீதுபா" என்று அவள் வாயாலேயே சொன்னாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

பட்டு தொரைக்கும் ஒரு பிடி வைத்தாள். தின்றான், வாசல்படியில் உட்கார்ந்து மீசையை நக்கினான். திடீரென்று ஒரு கத்து கத்தினான் பார், எந்தப் பூனையும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. எகிறிக் குதித்து, வந்தவர்கள் நடுவில் விழுந்து, வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தான். பட்டு ஓடிவந்து மடியில் எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது.

பையனின் அம்மா தட்டைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், பிறகு அலறினாள். "ஐயோ ஐயோ! பேத்தையப் போட்டு வறுத்துட்டாடா! வாயில கைய வுட்டு வாந்தி எடுங்கடா!"

அவ்வளவுதான். உடம்பை உப்பிக்கொள்கிற அந்தப் பேத்தை மீனின் விஷம் ஆளையே சாய்த்துவிடும் என்று கடலோரத்தில் யாருக்குத் தெரியாது? நெத்திலியோடு அதன் குஞ்சும் வலையில் வரும், பார்த்துப் பொறுக்கி எறிய வேண்டும். வந்த பெரிய மனிதர்கள் எல்லாம் தெருவில் வரிசையாகக் குனிந்து ஓங்கரித்தார்கள். நான் கடைக்கு ஓடிப் புளியையும் உப்பையும் அள்ளிவந்து கரைத்துக் கரைத்து ஊற்றினேன். நீ இருந்திருந்தால் அந்தப் பயத்திலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "அப்ப மீன்ல விஷம் இல்லதான?" என்று கேட்டேன். "வாந்தி எடுத்தோம், பொயச்சோம். பேத்தைக்கும் நெத்திலிக்கும் வித்தியாசம் தெரியாத பொண்ணு எங்க வூட்டுக்கு இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டுப் பையனின் அம்மா கிளம்பிவிட்டாள். எல்லோரும் பின்னாலேயே போய்விட்டார்கள். குப்பத்துப் பெண்ணுக்கு இதைவிடக் கெட்ட பேர் உண்டா? இனி யார் அவளிடம் மீன் வாங்குவார்கள், யார் அவளைக் கட்டுவார்கள்?

"எத்தினி கூடை நெத்திலி ஆஞ்சிருப்பேன் பெரிம்மா! எனுக்கா பேத்த தெரியாது?" என்று என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பிள்ளை அழுத அழுகை இருக்கிறதே, அதை நீ பார்க்காமல் போனதே நல்லது.

எனக்கு வரும் ஆத்திரம் உனக்குத் தெரியும். தொரையைக் கோணிப்பையில் சுற்றித் தூக்கினேன். என் வீட்டுக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "ஏட்டி, செத்த பூனையத் தூக்கிக்கிட்டு எங்க போற? கிறுக்குப் புடிச்சிட்டா?"

"மாட்டாஸ்பத்திரிக்கு. அறுத்துப் பாத்து விஷம் இல்லன்னு அந்த டாக்டரு சொல்லட்டும்."

"செத்த பெறவு என்னட்டி வைத்தியம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ரிக்‌ஷா பிடித்துக் கொடுத்தது அவர்தான்.

டாக்டர் கோணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னால இருமுச்சா? வாந்தி எடுத்துச்சா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழுத்தை நீட்டிக்கொண்டு இருமுவானே, தொண்டையில் முடி மாட்டிக்கொண்டது என்று நீகூட முதுகைத் தடவிக்கொண்டிருப்பாயே? கொஞ்ச நாளாக அவனுக்கு அது அதிகமாகத்தான் இருந்தது.

என்னை வெளியே நிற்கச் சொன்னார். நான் அசையவில்லை. தொரையின் நெஞ்சைத் திறந்தார். நாகம்மா, அந்த இருதயம் ஒரு நெல்லிக்காய்ப் பருமன்தான் இருந்தது. கத்தி நுனியால் அதைப் பிளந்ததும் வெள்ளையாக நூல் மாதிரி ஒன்று தலைகாட்டியது. இடுக்கியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் நீளப் புழு! இருதயத்துக்குள் புழு! மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாய்ங்ககிட்ட இது நிறைய உண்டு, பூனைக்கு வர்றது அபூர்வம். பூனைக்கு ஒண்ணு ரெண்டு இருந்தாலே போதும். நல்லா இருக்கிறப்பவே பொட்டுனு போயிடும்" என்றார். இரைப்பையையும் திறந்து காட்டினார். உள்ளே சரியாக மெல்லாத நெத்திலி அப்படியே கிடந்தது. பேத்தையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

வயிற்றுப் புழு நெஞ்சுக்கு எப்படி ஏறியது என்று கேட்டேன். "வயித்துப் புழு இல்லம்மா, கொசு கொண்டுவந்தது" என்றார். நாயின் ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு இருக்குமாம். நாயைக் கடித்த கொசு அதை உறிஞ்சிக்கொண்டு, பிறகு பூனையைக் கடிக்கும்போது உள்ளே விட்டுவிடுமாம். அது மாதக்கணக்கில் உடம்புக்குள் வளர்ந்து, ரத்தத்தோடு போய் இருதயத்தின் வலப்பக்கமும் நுரையீரலுக்குப் போகும் குழாயிலும் குடியேறிவிடுமாம். உடம்பெல்லாம் சுற்றி வந்த ரத்தத்தை அந்த வலப்பக்கம்தான் நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே காற்று வாங்கிக்கொண்டு இடப்பக்கம் வந்து, மறுபடி உடம்புக்குப் போகிறது. புழு உட்கார்ந்திருந்தது அந்த வழியில். இருமாமல் என்ன செய்வான்?

அந்தச் சின்ன இருதயத்தில் நாலு அறையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "பூனைக்கு நாலு அறையா?" என்று வாய் பிளந்தேன். "உங்களுக்கும் எனக்கும் அதே நாலுதாம்மா." என் கை தானாக என் நெஞ்சுக்குப் போயிற்று.

"அப்ப இந்தச் சவத்தெழவு மனுசனுக்கும் வருமா?"

"இது மனுஷங்ககிட்ட இப்படி வளராது. ஆனா இதுக்கு ஒரு பங்காளி இருக்கு, அதையும் கொசுதான் கொண்டுவருது. ரத்தக்குழாய்ல இருக்காது, நிணநீர்னு ஒண்ணு ஓடுது பாருங்க, அந்தக் குழாயைக் கெடுத்துடும். நீர் வடியாம கால் வீங்கும். யானைக்கால் பாத்திருப்பீங்களே?"

பாத்திருப்பீங்களே என்று கேட்கிறார், நாகம்மா! என்னைப் பார்த்து!

அந்த இடது காலைப் புடவைக்குள் எப்படியெல்லாம் மறைப்பாய். திருவிழாவில் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பாய். "சின்ன வயசுல விரிச்ச வலையத் தாண்டிட்டேங்கா, கடலம்மா கால்ல போட்டுட்டா" என்று நீயே சொல்வாய். குப்பமும் அதையே சொல்லிற்று. மீன் படாத நாளெல்லாம் உன் வீட்டுக்காரர் உன் காலைத்தான் முறைப்பார். காய்ச்சலில் கண் மூடும்வரை கடலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கிடந்தாயே. கொசுவா, நாகம்மா? ஒரு கொசு கடித்ததற்கா உன்னை அந்தப் பாடு படுத்தினார்கள்? ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

"தாய்கிட்ட இருந்து மகளுக்கு வருமா?" என்று மட்டும் கேட்டேன். அப்படி வராது என்று டாக்டர் அடித்துச் சொன்னார். புழுவைச் சாராயத்தில் போட்டு ஒரு புட்டியில் கொடுத்தார்.

மறுநாள் புட்டியோடு எண்ணூரில் போய் இறங்கினேன். பையனின் வீட்டார் சுற்றி நின்று பார்த்தார்கள். டாக்டர் சொன்னது அத்தனையும் சொன்னேன், உன் காலைப் பற்றியும் தொண்டை கிழியச் சொன்னேன். பையனின் அம்மா புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பொண்ணு மேல தப்பு இல்ல. தை மாசம் வச்சிக்கலாம்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

பிறகு என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் புடவைக் கரையைத் தூக்கினாள். கணுக்கால் தெரியாமல் வீங்கியிருந்தது. "பொறந்ததுல இருந்து நான் ஒரு வலையத் தாண்டனதில்லமே" என்றாள். "அப்பறம் எனுக்கு ஏன் வந்துச்சி, ஏன் வந்துச்சின்னு கேட்டுக்கினே கெடந்தேன்." முந்தின நாள் உன் வீட்டில் கத்திய அதே பொம்பளை. கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இத நாலு பேரு படிக்கிற மாரி எழுது, என் பேரு மட்டும் போடாத" என்றாள். அதனால் உனக்குக்கூட அவள் பேரை எழுதவில்லை.

தேங்கிய தண்ணீரில்தான் கொசு பிறக்கிறதாம். உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சாக்கடைக் குட்டையை, கொருக்குப்பேட்டையிலிருந்து ரயில் என்ஜின் சாம்பல் கொண்டுவந்து கொட்டி நான் மூடுகிறேன். பட்டு வாழப்போகிற வீட்டைச் சுற்றியும் ஒரு பள்ளம் விடமாட்டேன். உன் காலைப் பற்றி இனி எவளாவது வாய் திறந்தால் என் கடையில் அவளுக்கு ஒரு பிடி அரிசி கிடையாது. இது சத்தியம்.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை, நாகம்மா. இனிக் காலை மறைக்காதே. நன்றாக நீட்டிப் படுத்துக்கொள்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
மளிகைக்கடை செல்லத்தாய்