வெறிக்காதீங்க, வழி விடுங்க

அக்கா,

நேற்று சாயந்திரம் காலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அந்த வாசனை வந்தாலே உப்பள வேலை முடிந்து நாம் இருவரும் கால் கழுவி உட்காரும் நேரம்தான் ஞாபகம் வருகிறது. அப்போது பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆயா, நான் இனிமே ஸ்கூலுக்குப் போகல. பஸ்ஸுல ஒருத்தன் ஒரு மாதிரி பாக்குறான்."

மகன் உள்ளேயிருந்தே, "அப்போ நின்னுக்கட்டும்" என்று முடித்துவிட்டான். பத்தாவது படிக்கிறாள், அக்கா. திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவள்தான் முதல். நான் ஐந்தாவதோடு நின்றவள்.

'ஒரு மாதிரி பாக்குறான்.' நானும் உன்னிடம் அப்படித்தான் சொன்னேன். சுனாமியில் கடல் ஊருக்குள் வருவதற்கு முந்தின கோடை அது. பாத்தியில் இறங்க நாம் புடவையைத் தூக்கிச் சொருகும்போதெல்லாம் புது மேஸ்திரி வரப்பில் நின்று கண்ணை எடுக்கமாட்டான். அதற்காகவே நான் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு வேலை செய்தேன். உப்புத் தண்ணீரில் ஊறிய ஓரம் உரசி உரசிக் கணுக்கால் புண்ணாகிப் போனது.

முதலாளியிடம் போய்ச் சொன்னோம். "மேஸ்திரின்னா பாக்கத்தானம்மா செய்வாரு" என்று சிரித்தார். திரும்பி வரும்போது, "மொறைக்கிறான்னு சொல்லியிருக்கணுமோ?" என்று கேட்டேன். நீ அப்படியே நின்றுவிட்டாய்.

"மொறைச்சா கோவம்டீ. என்னான்னு கேட்டுத் தீத்துக்கலாம். பாக்குறதுன்னா வேலையப் பாக்குறது. இவன் பண்றது வெறிக்கிறது. அதச் சொல்ல நமக்கு வாய் வரல, அவனுக்கு அதான் வசதி."

மறுநாள் உப்பு வாரினோம். கூடை சுமந்து வருகிறவளுக்குத்தான் வரப்பு. வெறுங்கையோடு நிற்பவர் யாரானாலும் பாத்தியில் இறங்கி வழிவிட வேண்டும். மேஸ்திரிக்கு மட்டும் நாமாகவே ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தோம். அன்றைக்கு நீ ஒதுங்கவில்லை. தலையில் கூடையோடு அவன் முன்னால் போய் நின்று, அளம் முழுக்கக் கேட்கும்படி, "வெறிக்காதீங்க, வழி விடுங்க" என்றாய்.

செருப்புக் காலோடு உப்புத் தண்ணீரில் இறங்கினான். மேலே ஏறப் பார்த்தான். உன் பின்னால் நான். அதையே சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் வந்துவிட்டது. எனக்குப் பின்னால் வரிசையாக மற்றவர்களும். "மேஸ்திரியத் தூக்கி விடுங்கடி, உப்போட உப்பா கரைஞ்சிடப் போறாரு!" என்று கடைசியில் வந்தவள் கத்த, சுமையோடு சிரிக்கவும் முடியாமல் தவித்தோம். அதற்குப் பிறகு அவன் கொட்டகைப் பக்கமே நின்றுகொண்டான்.

போன வருஷம் நீ போய்ச் சேர்ந்தாய். நேற்று ராத்திரி இதையெல்லாம் பேத்திக்கு நான்தான் சொன்னேன்.

இன்று காலை பேத்தியோடு நானும் பஸ் ஏறினேன். பெருமுக்கல் தாண்டியதும் அவள் சொன்ன அந்த ஆள் வந்து எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பேத்தி முந்திக்கொண்டாள்.

"ஏங்க, எதுக்கு வெறிக்கிறீங்க?"

பஸ்ஸே திரும்பியது. "சும்மா பாத்தேம்மா" என்றான்.

"பாத்தா கண்ணு நகரும்" என்றாள்.

கண்டக்டர் அவனைப் பின்னால் போகச் சொன்னார். போனான்.

'கண்ணு நகரும்' என்றது நீ சொல்லாத பேச்சு, அக்கா, அவளாகச் சொன்னது. உன்னிடமிருந்து எனக்கு வந்த சொல் இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இருக்கிறது. படிப்பை நிறுத்துகிற பேச்சு இனி இந்த வீட்டில் வரக்கூடாது என்று மகனிடம் சொல்லிவிட்டேன். நாளைக்குத் தனியாகவே போகிறேன் என்கிறாள்.

போகட்டும்.