மோட்டாருக்கு ஈடாக ஒரு சான்றிதழ்

கடத்தூர்,
18-5-1986.

தம்பி ஸ்தனிஸ்லாசுக்கு அக்கா லூர்து மேரி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நம் ஊர்க் குடிதண்ணீர்த் திட்டத்துக்கு உதவும் சங்கம் நீ இருக்கும் நாட்டுக்காரர்களுடையது. அவர்கள் பங்குச் சாமியாருக்கு எழுதிய கடிதத்துக்குள் உன் போட்டோ. நீ யாழ்ப்பாணத்து அகதி என்று சொன்னாயாம். அங்குள்ள அதிகாரிகள் நம்பவில்லையாம். பாஸ்போர்ட்டைக் கிழித்துவிட்டதால் எங்கே திருப்பி அனுப்புவது என்று தெரியவில்லையாம். உன் பெட்டியில் இருந்த என் பழைய கடிதம்தான் ஊரைக் காட்டிக்கொடுத்தது. நீ இந்த ஊர்க்காரன் என்று காட்ட உன் ஞானஸ்நானச் சான்றிதழ் போனால்தான், சங்கத்தார் தருவதாகச் சொன்ன கிணற்று மோட்டார் வரும். தங்கள் ஆட்களைத் திரும்ப ஏற்காத நாட்டுக்கு உதவி எதற்கு என்று அங்கே பேச்சாம்.

என் வகுப்பில் மன்னாரிலிருந்து வந்த பெண் ஒருத்தி படிக்கிறாள். பட்டாசு வெடித்தால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். அவளுக்கு நேர்ந்ததைத்தான் நீ உனக்கு நேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறாய்.

ஆழ்துளைக் கிணறு போட்டு நான்கு மாதமாகிறது. குழாய்கள் கோயில் சுவரோரம் கிடக்கின்றன. போன மாதம் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மதலேனம்மாள் கேட்டாள்: "உங்க தம்பி அங்க சொகமா இருக்கணும்னு நாங்க கொடத்தத் தூக்கிட்டு ஒரு மைல் நடக்கணுமுங்களா, டீச்சர்?" நீ பொய் சொன்னதற்கு அவள் குடம் ஏன் காலியாக இருக்க வேண்டும் என்று சங்கத்தாரைக் கேட்டு எழுதினேன்.

சாமியார் உன் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஞானத்தாய் என்ற இடத்தில் என் கையெழுத்து. அப்போது எனக்குப் பதினைந்து வயது. சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று கேட்டபோது, பேச்சு வராத உனக்காக மூன்று முறை பதில் சொன்னவள் நான்.

சான்றிதழை வாங்கிவிட்டேன். சங்கத்துக்கு அனுப்பவில்லை. ஆளைப் பிடித்துக் கொடுத்தால் தண்ணீர் என்பவர்களுக்கு என் கையால் அது போகாது. இத்துடன் வைத்திருக்கிறேன். அங்குள்ள அதிகாரிகளிடம் நீயே கொண்டுபோய்க் கொடு. ஜூன் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் சாமியார் இன்னொரு நகல் அனுப்புவார். நான் தடுக்க மாட்டேன். அன்று உனக்காக நான் பதில் சொன்னேன். இந்த முறை நீ சொல்.

மாதா உனக்குத் துணை நிற்கட்டும். புறப்படும்போது தந்தி கொடு. கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். ஊருக்குள் நீ தனியாக நுழைய வேண்டாம்.

அக்கா,
லூர்து மேரி