வீரனின் முடியை வெட்டிய பிறகு

ஜவ்வாது மலை
10-4-1983

அன்புள்ள மகன் கோபால்சாமிக்கு அம்மா ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், மேடு ஏறும்போது வலது முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறை ஒன்றுமில்லை. பிலாயில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தாய், அந்தச் சுகம் அப்படியே நிலைக்க வேண்டும். குழந்தைக்குப் பல் முளைக்கிறதென்றால் கண்டதையும் வாயில் வைப்பான், தரையில் ஒரு கண் வைத்திருக்கச் சொல். உனக்கு உலைக்குப் பக்கத்தில் வேலை, மோர் நிறையக் குடி. கண்ணமங்கலத்து மாமா வைகாசியில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், நீ வராவிட்டால் தாலி கட்ட விடமாட்டேன் என்று மிரட்டுகிறார், அவர் மிரட்டலின் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. இங்கே புளி உலுக்கி முடிந்தது, ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு வேண்டியதைக் கொட்டை எடுத்துப் பானையில் அடைத்துவிட்டேன். முழுப்பரீட்சை இருபத்திரண்டாம் தேதி முடிகிறது. அந்தத் தேதியை நினைத்தால் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒன்பதாம் வகுப்பில் வீரன் என்று ஒரு பையன் இருக்கிறான், நெல்லிவாசல் பக்கத்து மலையூர்க்காரன். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்ததால் பதினாறு முடிந்துவிட்டது. அவன் தங்கை மங்காவுக்கு ஆறு வயது, அடிக்கடி வலிப்பு வரும். அவளுக்குச் சரியாக வேண்டுமென்று குலசாமிக்கு வேண்டிக்கொண்டு இவன் முடி வளர்த்தான், ஆடியில் கோயிலில் இறக்குவதாக இருந்தது. அவர்கள் ஊரில் அது விளையாட்டில்லை, அதற்கு முன்னால் அந்த முடியில் கத்தரி பட்டால் யாருக்காக வேண்டினார்களோ அவர்களுக்கு ஆகாது என்பார்கள். பிப்ரவரியில் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதென்று எல்லாரும் முடி வெட்டிக்கொள்ள உத்தரவு போட்டார்கள். இவன் மட்டும் வெட்டவில்லை. டிரில் மாஸ்டர் பஞ்சாட்சரம் ஆரணிப் பக்கத்துக்காரர், சின்ன வயது, கெட்டவர் என்று சொல்லமாட்டேன், இந்தப் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக் கொடுத்துக் கீழே கூட்டிப்போய் ஜெயிக்க வைத்தவர் அவர்தான். ஆனால் தன் பேச்சு எடுபடாவிட்டால் முகம் கறுத்துவிடும். வீரன் வேண்டுதலைப் பற்றிச் சொல்லிப் பார்த்தான், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரேயரில் அத்தனை பேருக்கும் முன்னால் அவனை நிறுத்தி, சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, கத்தரிக்கோல் கொண்டா ஆயா என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்துவிடுமே என்று திரும்பி ஓடிவந்தேன். ஒரு பக்கத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிட்டு, அதே கோலத்தில் மத்தியானம் வரை கொடிக்கம்பத்துக்குக் கீழே நிற்க வைத்தார். அன்றிலிருந்து பிள்ளைகள் வாயில் அவன் பாதித்தலையன். மார்ச் பத்தாம் தேதி மங்கா வலிப்பு வந்து செத்துப்போனாள்.

எட்டு நாள் கழித்து வீரன் திரும்பி வந்தான். அழுதிருந்தால், யாரையாவது இரண்டு அடி அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முன்பெல்லாம் சீண்டினால் சண்டைக்குப் போவான், இப்போது பாதித்தலையன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். பஞ்சாட்சரம் சாரைக் கண்டால் முதல் ஆளாக வணக்கம் வைக்கிறான், அவரும் பையன் வழிக்கு வந்துவிட்டான் என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்கிறார். தன் கம்பளியை ஆறாம் வகுப்பு மாதையனுக்குக் கொடுத்துவிட்டான். ஜாமெட்ரி பாக்ஸையும் கொடுத்துவிட்டான், பரீட்சையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை யாராவது கொடுப்பார்களா நீயே சொல். போன வாரம் விறகு பிளக்கிற கொடுவாளை எடுத்தேன், மூன்று மாதமாக மொண்ணையாகக் கிடந்தது, தீட்டிக் கொடு என்று வாட்ச்மேனிடம் கெஞ்சி அலுத்துப்போயிருந்தேன். அன்றைக்குத் தொட்டதும் விரலை வெட்டிவிட்டது. பாவி நான், எந்தப் புண்ணியவான் செய்தானோ என்று சந்தோஷப்பட்டேன். வாட்ச்மேனைக் கேட்டால் தான் தொடவே இல்லை என்கிறான். அன்று சாயங்காலம் மாதையன் வந்து, டிரில் சார் ஓடைக்குக் குளிக்கத் தனியாத்தான் போவாரான்னு வீரண்ணன் கேட்டுச்சி, இன்னாத்துக்கு ஆயா அப்டி கேக்குது என்றான்.

மறுநாள் வீரனைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டேன். கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான், என்னை மன்னித்துவிடடா என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்க இன்னா ஆயா பண்ணுவீங்க, சார் கேட்டாரு, குடுத்தீங்க என்றான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனவன் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, பரீட்சை முடியற அன்னைக்கு நீங்க இங்க இருக்காதீங்க ஆயா, காலையில பஸ்லயே வூட்டுக்குப் போய்டுங்க என்று மெதுவாகச் சொன்னான். அந்தப் பிள்ளைக்கு என்மேல் அவ்வளவு பிரியம், அதுதான் கோபாலு என்னைத் தூங்க விடவில்லை. எச்.எம். ஐயாவிடம் போய்ப் பட்டும் படாமலும் ஆரம்பித்தேன், எவன்னு சொல்லும்மா, இன்னைக்கே டி.சி. குடுத்து போலீஸ்ல ஒப்படைச்சுடறேன் என்றார். பேரை விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு கொடுவாளைத் தீட்டியதற்காக ஸ்டேஷனில் அடி வாங்கித் திரும்பி வருகிறவன் என்னவாகத் திரும்புவான். பஞ்சாட்சரம் சாரிடமும் பேசினேன், ஓடைக்குத் தனியாகப் போகாதீர்கள், அந்தப் பையனைக் கூப்பிட்டு அவன் தங்கையைப் பற்றி ஆறுதலாக நாலு வார்த்தை பேசுங்கள், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன். நான் வாத்தியார் ஆயா, அவன்கிட்ட போய் மன்னிப்பு கேட்டா நாளைக்கு எவன் என்னை மதிப்பான், வலிப்புக்கு வைத்தியம் பாக்காம முடி வளத்தது என் தப்பா என்று கத்தினார். கத்தும்போது கண் கலங்கியிருந்தது, அவருக்கும் உள்ளே அறுக்கிறது, ஆனால் பிள்ளைகள் முன்னால் சிறுத்துப்போவோம் என்ற பயம் வாயைக் கட்டுகிறது. கொடுவாளை அரிசி மூட்டைக்கு அடியில் ஒளித்துவிட்டேன். வீட்டுக்கு வீடு கொடுவாள் இருக்கிற மலையில் ஒன்றை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

இனி எழுதப்போவதைப் பதினோரு வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கப்பா நம்மை விட்டுப் போன வருஷம், இதே பள்ளிக்கூடத்தில் நீயும் ஒன்பதாவது. அப்போதிருந்த கணக்கு வாத்தியார் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, உங்கப்பன் எவளோட போனான்டா என்று உன்னைக் கேட்டாராம். நீ என்னிடம் சொல்லவில்லை, கூடப் படித்த பிள்ளைகள்தான் சொன்னார்கள். அந்த வாரம் துவைக்கத் துணி எடுக்க உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன், அடியில் துண்டில் சுற்றி ஒரு சூரிக்கத்தி இருந்தது. எடுத்து எறிந்திருக்க வேண்டும், உன்னைக் கட்டிப்பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். இருந்தபடியே சுற்றி வைத்துப் பெட்டியை மூடிவிட்டுக் களி கிண்டப் போனேன், உன்னைப் பெற்றவள் செய்த காரியம் அதுதான். இருபத்தி நாலு நாள், நீ வகுப்புக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பார்ப்பேன், கத்தி அங்கே இருந்தால் உன் கையில் இல்லையே என்று மூச்சு வரும். இருபத்தைந்தாம் நாள் அது இல்லை. சாயங்காலம் வரை நான் எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியாது. நீ வந்து பசிக்குதும்மா என்றாய், கொஞ்ச நேரத்தில் அந்த வாத்தியாரும் வழக்கம்போல் காப்பிக்கு வந்து நின்றார். அதற்கப்புறம் நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். உன்னை நிறுத்தியது எது? யாராவது உன்னிடம் ஏதாவது சொன்னார்களா, யாராவது உன் தோளில் கை போட்டார்களா, நான் எனக்கே தெரியாமல் ஏதாவது செய்தேனா? எதுவானாலும் சொல், அதையே இந்தப் பிள்ளைக்கும் செய்து பார்க்கிறேன், யார் காலில் விழ வேண்டுமானாலும் விழுகிறேன். ஒன்றும் நிறுத்தவில்லை, கத்தி எங்கோ தொலைந்துபோயிற்று, அவ்வளவுதான் என்றால் அதையும் மறைக்காமல் எழுது.

பள்ளிக்கூடத்துத் தபால் பையில் போட்டால் ஆபீசில் பிரித்துப் படிப்பார்கள், அதனால் ஜீப்காரரிடம் கொடுத்துப் போளூரில் போடச் சொல்கிறேன். உன் கையில் சேர ஐந்தாறு நாள் ஆகும், பதிலுக்கும் அவ்வளவு நாள் ஆனால் தாங்காது, தந்தியாகவே கொடு. குழந்தைக்கு என் முத்தம், மருமகளுக்கு என் ஆசி, நீங்கள் மூவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இருபத்திரண்டாம் தேதி நான் எந்தப் பஸ்ஸிலும் ஏறப்போவதில்லை.

இப்படிக்கு,
உன்னிடம் அன்றே கேட்டிருக்க வேண்டிய அம்மா,
சம்பூர்ணம்