ஒரு லென்ஸ் போதும்

கார்த்திகை, செவ்வாய்

என் பெரிய பிலிம் கேமராவின் மூன்று லென்ஸ்களுக்காக என் வீட்டுக்காரர் வாங்கித் தந்த கெட்டிப் பெட்டியை இன்று முதல்முறையாக வெளியே கொண்டுபோனேன். கீழே விழுந்தாலும் உடையாது, தண்ணீர் புகாது. ஆனால் முறிந்து சேர்ந்த என் மணிக்கட்டுக்கு அந்தக் கனம் ஆகவில்லை. படியில் தூக்கி வைக்கத் திணறிக்கொண்டிருக்கும்போதே சேத்தியாத்தோப்பு பஸ் கிளம்பிவிட்டது. வெள்ளாற்றைப் படமெடுக்காமலே வீடு திரும்பினேன்.

செராமிக் கம்பெனி வேலை முடிந்து அவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். “நான் லீவு போட்டுட்டுத் தூக்கினு வரேன்னு சொன்னேன்ல?”

“ஒவ்வொரு வாட்டியும் லீவு போடுவீங்களா? ஒரு லென்ஸுக்கு மட்டும் சின்ன பெட்டியா இருந்தா நானே போயிட்டு வருவேங்க.”

“ஒண்ண மட்டும் வச்சிக்கினு என்னா பண்ணுவ?”

“கிட்ட வேணும்னா கிட்ட நடந்து போவேன்.”

அவர் சட்டென எழுந்து சாப்பிடப் போனார். கோபமோ என்று நினைத்தேன். சாப்பிட்டபின் பெரிய பெட்டியிலிருந்த ஸ்பாஞ்சை வெட்டி, ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பொருத்தினார். லென்ஸை வைத்து மூடி, காதருகே ஆட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

“நாளைக்கு எத்தினி மணி பஸ்ஸு?” என்றார். தானும் வருவதாகச் சொல்லவில்லை.